நெடுந்தீவுக்கு ஒருநாட் பயணம்

தீவொன்றுக்குச் சென்று ஒரு பகற்பொழுதையேனும் அங்கே கழித்து வரவேண்டும் என்னும் ஆசை பெரும்பாலோர் உள்ளத்தில் உண்டு. நாற்புறமும் நீல நீர், நடுவே ஒரு சிறு நிலம், கரையோரத்தில் வெண்மணல், காற்றில் அசையும் மரங்கள். இப்படியொரு சித்திரம் நம் மனத்தில் எப்படியோ பதிந்துவிடுகின்றது. ஆனால், ஆசை எழுந்த மறுகணமே வீட்டுச் செலவுக் கணக்குப் புத்தகமும் நினைவுக்கு வருகின்றது. பிள்ளைகளின் படிப்புச் செலவு, அரிசி விலை, மாத முடிவில் எஞ்சும் தொகை ஆகியவற்றை எண்ணிப் பார்த்ததும், "அதெல்லாம் பணம் படைத்தவர்களுக்கு உரியது" என்று சொல்லிக்கொண்டு பேசாதிருந்துவிடுகின்றோம்.

அவ்வாறு பேசாதிருக்க வேண்டியதில்லை. நமது நாட்டின் வட கடலில், பாக்கு நீரிணையின் நடுவே, குறைந்த செலவில் ஒரே நாளிற் சென்று திரும்பத்தக்க தீவொன்று இருக்கின்றது. அதுதான் நெடுந்தீவு. யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சூழ்ந்துள்ள தீவுகளிற் சில இன்று தாம்போதிகளாலும் பாலங்களாலும் பெருநிலத்தோடு இணைக்கப்பட்டுவிட்டன. அவ்வாறு இணைக்கப்படாமல், மக்கள் வாழும் தீவுகளாகக் கடலிலே தனித்து நிற்பவற்றுள் நெடுந்தீவே மிகப் பெரியது. ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள அத்தீவிலே வாழும் மக்களின் தொகையோ நாலாயிரத்துக்குக் கிட்டியதுதான்.

அங்கே போக விரும்பும் குடும்பத்தினர் இரண்டு கணக்குகளைப் போட்டுப் பார்த்தல் வேண்டும். முதலாவது, தமது பணப்பையின் கணக்கு. அதனை யாவரும் போடுவர். இரண்டாவது, தீவின் கணக்கு. நாம் அங்கே செல்வதனால் அத்தீவுக்கு என்ன செலவாகின்றது, நாம் எதனை அங்கே விட்டு வருகின்றோம் என்பதே அக்கணக்கு. அதனை எண்ணிப் பார்ப்போர் சிலரே. நமக்கு மலிவாக அமையும் பயணம் தீவாருக்கு அதிக விலையுடையதாக அமைந்துவிடக்கூடும். இரண்டு கணக்கும் ஒத்து வருமாறு திட்டமிடுவது எப்படி என்பதையே இங்கு எழுத முற்படுகின்றேன்.

பெயரும் பழைமையும்

செல்லும் இடத்தின் வரலாற்றைச் சிறிதேனும் அறிந்து செல்வது பயணத்தின் பயனை இரட்டிப்பாக்கும். அதற்குச் செலவும் இல்லை. போர்த்துக்கேயர் இத்தீவைப் பசுக்களின் தீவு என்னும் பொருள்படத் தமது மொழியில் அழைத்தனர். அக்காலத்திலேயே இது கால்நடைகளுக்குப் பேர்பெற்றிருந்தது என்பது இதனாற் புலனாகும். 1658 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், சுற்றியுள்ள தீவுகளுக்கெல்லாம் தமது தாய்நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. வேலணை லைடன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பர்க் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. நெடுந்தீவுக்குக் கிடைத்த பெயர் டெல்ஃப்ட். ஏனைய பெயர்கள் யாவும் பழைய படங்களோடும் ஏடுகளோடும் மறைந்துபோக, டெல்ஃப்ட் என்னும் பெயர் மட்டும் அரசாங்கக் கடிதங்களிலும் ஆங்கிலத்திலும் இன்றுவரை வழங்கி வருகின்றது. தீவில் வாழும் மக்களுக்கோ அது என்றும் நெடுந்தீவுதான்.

எப்போது செல்வது?

வடபகுதிக் கடலோடிகள் ஆண்டைக் காற்றுகளாற் பகுத்து அறிவர். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகீழ்ப் பருவமழையும் வாடைக்காற்றும் சேர்ந்து கடலைக் குழப்பும். வைகாசி முதல் ஆவணி முடிய வீசும் சோளகம் மழையைத் தராது. ஆயின் அலைகளை உயரச் செய்யும். இவ்விரண்டுக்கும் இடையே, தை நடுப்பகுதியிலிருந்து சித்திரை வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துச் செல்வோர் இக்காலத்தையே தெரிந்துகொள்ளல் நன்று.

அக்காலத்துக்குள்ளும் தை, மாசி மாதங்களே மேலானவை. மாரிமழையின் பயனாகக் குளங்களிலும் பள்ளங்களிலும் நீர் நிற்கும். புல் பச்சையாக இருக்கும். மாடுகளும் குதிரைகளும் கொழுத்து நிற்கும். பங்குனி முதிர்ந்து சித்திரை பிறந்ததும் வெயில் தன் கடுமையைக் காட்டத் தொடங்கும். மரநிழல் குறைந்த சுண்ணக்கல் நிலத்தில் நண்பகல் வெயில் இளைஞரையே சோர்வடையச் செய்யும். எக்காலத்திற் சென்றாலும், புறப்படும் நாளுக்கு முதல்நாள் வானிலை அறிவித்தலைக் கேட்டுக்கொள்ளல் அவசியம். காற்று மிகுந்தால் படகுகள் புறப்படா. புறப்பட்டுச் சென்றவர்கள் அன்று திரும்ப முடியாமலும் போகலாம். ஆகவே, மறுநாட் காலையில் தவிர்க்க முடியாத அலுவல் உள்ளவர்கள் அந்த நாளைத் தெரிந்துகொள்ளாதிருப்பதே புத்தி.

வழியும் நேரமும்

கொழும்பிலிருந்து வருவோர் இரவு பஸ் வண்டியிலோ ரயிலிலோ யாழ்ப்பாணம் வந்து சேரலாம். 1956 ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, 1990 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கான பாதை அற்றுப்போனதால் இடைவழியோடு நின்றுகொண்டது. 2014 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திலேதான் ரயில் மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தை அடைந்தது. இருபத்துநாலு ஆண்டுகளாக ரயிலின் ஒலியே கேளாதிருந்த ஊருக்கு இப்பொழுது ரயிலேறி வந்து இறங்க முடிகின்றது என்பதை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுதல் வேண்டும்.

யாழ்ப்பாண பஸ் நிலையத்திலிருந்து குறிகட்டுவான் செல்லும் பஸ்ஸில் ஏறவேண்டும். பண்ணைப் பாலத்தைக் கடந்ததும் இருமருங்கும் ஆழமற்ற களப்புக்கடல் விரிகின்றது. மீன் பிடிப்பதற்கென நாட்டிய தடிகளும் அவற்றின்மேல் வந்தமரும் நீர்ப்பறவைகளும் கண்ணுக்கு விருந்தளிக்கும். வேலணையைக் கடந்து, நீண்ட தாம்போதி வழியாகப் புங்குடுதீவை அடைகின்றோம். வழியிலே கூரையிழந்த பெரிய கல்வீடுகள் பலவற்றைக் காணலாம். 1990 ஆம் ஆண்டையடுத்துப் போரினால் ஊரைவிட்டுச் சென்றோர் பலர் திரும்பி வரவில்லை. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழ்கின்றனர். புங்குடுதீவின் மேற்குக் கரையிலே குறிகட்டுவான் இறங்குதுறை அமைந்துள்ளது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்லும் படகுகள் இங்கிருந்தே புறப்படுகின்றன.

இப்பொழுது நேரத்தைக் கணக்கிடுவோம். பஸ்ஸில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்; படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். போகவும் வரவும் சேர்த்தால் ஐந்து மணி நேரம் வழியிலேயே கழிந்துவிடும். காத்திருக்கும் நேரத்தையும் கூட்டினால், தீவில் நமக்கு மிஞ்சுவது நாலு மணி நேரம் அளவிலேதான். ஆகையால், காலைப் படகைத் தவறவிட்டவருக்குப் பயணமே பயனற்றதாகிவிடும். விடியுமுன் எழுந்து முதல் பஸ்ஸைப் பிடித்தல் வேண்டும். அதனிலும் முக்கியமானது, தீவிலிருந்து திரும்பும் கடைசிப் படகின் நேரம். அப்படகு பொழுது சாயும்வரை காத்திராது, பிற்பகலிலேயே புறப்பட்டுவிடும். அந்த நேரம் பருவத்துக்கும் நாளுக்கும் ஏற்ப மாறுவதால், குறிகட்டுவானில் ஒருமுறையும் தீவில் இறங்கியவுடன் மறுமுறையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

படகு யாருடையது?

படகுக்குக் கொடுக்கும் கட்டணம் மிகச் சிறிது. செலவு குறைந்த பயணம் என்று நாம் மகிழ்வதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால், அப்படகு உல்லாசப் பிரயாணிகளுக்கென விடப்பட்டதன்று. தீவில் வாழ்வோருக்குப் பாதையும் பஸ்ஸும் ஆம்புலன்ஸும் எல்லாம் அதுவே. யாழ்ப்பாண வைத்தியசாலைக்குச் சென்று திரும்பும் நோயாளர், பாடசாலை ஆசிரியர், கந்தோர் அலுவலர், அரிசி மூட்டையும் கூரைத்தகடும் கொண்டுசெல்லும் குடும்பத்தலைவர், மணப்பெண்ணுக்குச் சேலை வாங்கி வருவோர் ஆகிய யாவரும் அதிலேதான் ஏறவேண்டும். விடுமுறை நாட்களில் வெளியூரார் கூட்டமாக வந்து இடத்தை நிரப்பிவிட்டால், தீவார் தம் வீட்டுக்குப் போவதற்கே அடுத்த படகுவரை துறையிற் காத்து நிற்க நேரிடும்.

ஆதலால், பயணத்துக்கு ஞாயிற்றுக்கிழமையையும் நீண்ட விடுமுறைகளையும் தவிர்த்து, வாரநாள் ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கூடுமாயின் அதுவே சிறந்தது. படகில் ஏறும்போது முதியோரையும் கைக்குழந்தையோடு நிற்கும் தாய்மாரையும் முன்னே விடுதல் வேண்டும். உயிர்காப்பு அங்கி தந்தால், புழுக்கமாக இருக்கின்றதே என்று கழற்றி வைக்கலாகாது. கடற்பயணம் பழகாதோர் ஒரு தேசிக்காயையும் சிறிது இஞ்சியையும் கையில் வைத்திருத்தல் நன்று. புறப்படுமுன் வயிறு நிறைய உண்ணாதிருத்தல் அதனிலும் நன்று.

இந்தக் கடல்வழியிற் செல்வோர் அறிந்திருக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. 1985 ஆம் ஆண்டு மே மாதம் 15 ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினி என்னும் பயணிகள் படகு நடுக்கடலில் வழிமறிக்கப்பட்டது. அதில் வந்த ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாகப் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். தீவில் இறங்கும் மாவிலித்துறைக்கு அருகிலே அவர்களுக்கு நினைவிடம் உண்டு. ஆண்டுதோறும் அந்நாளில் உறவினர் அங்கே கூடி விளக்கேற்றுகின்றனர். நாம் இறங்கியவுடன் படம் எடுப்பதற்கு விரைவதன் முன், அவ்விடத்திற் சற்று நின்று தலைவணங்கிச் செல்வது தக்கது. நாம் ஒருநாள் இன்பமாகக் கடக்கும் கடலை அவர்கள் எத்தகைய நினைவோடு நாள்தோறும் கடக்கின்றனர் என்பதை உணர்ந்தால், படகிலே உரத்துப் பாடவும் கூச்சலிடவும் மனம் வராது.

தண்ணீர் என்னும் செல்வம்

நெடுந்தீவு முருகைக்கல்லும் சுண்ணக்கல்லும் சேர்ந்தமைந்த தட்டையான நிலம். மண்ணின் கனம் குறைவு. மழைநீர் கல்லிடுக்குகளின் வழியே இறங்கி, உப்புநீரின்மேல் மெல்லிய படலமாகத் தங்குகின்றது. அதிகமாக இறைத்தால் நன்னீர் தீர்ந்து உவர்நீர் மேலெழும். பல கிணறுகளின் நீர் குடிப்பதற்கு உதவாது. சாராப்பிட்டிப் பகுதிக் கிணறுகள் நன்னீருக்குப் பேர்பெற்றவை. ஒரு குடம் நல்ல தண்ணீருக்காகத் தொலைவு செல்வது தீவுப் பெண்களின் அன்றாட வாழ்வில் நெடுங்காலமாக இருந்துவந்த ஒன்று.

ஒருமுறை படகில் எனக்கு அருகே ஓர் ஆச்சி அமர்ந்திருந்தார். வைத்தியசாலைத் துண்டும் மருந்துப் பொதியும் மடியில் இருந்தன. எந்த ஊர், யாருடைய பிள்ளைகள் என்று அவர் விசாரிப்பார் என எதிர்பார்த்தேன். அவர் முதலிற் கேட்டது வேறு.

"பிள்ளையள், தண்ணி கொண்டு வந்தனீங்களோ?"

"ஓம் ஆச்சி, போத்தலிலை கிடக்கு."

"அப்ப நல்லது. வீட்டை வந்தால் தேத்தண்ணி ஊத்தித் தரலாம். போத்தல் நிறைச்சுத் தாறதெண்டால்தான் யோசிக்கவேணும்."

விருந்தோம்பலிற் குறைந்தவர்கள் அல்லர் நெடுந்தீவார். வந்தவருக்குத் தேநீர் தராது அனுப்ப அவர்கள் மனம் இடங்கொடாது. அதனாலேயே நாம் முன்யோசனையோடு செல்லுதல் வேண்டும். ஆளுக்கு இரண்டு லீற்றர் குடிநீரேனும் வீட்டிலிருந்து கொண்டுசெல்லுங்கள். கடலிற் குளித்த பின்னர் உப்புப் போக நல்ல கிணற்றில் அள்ளிக் குளிக்கும் வழக்கத்தை அங்கே ஒருநாளைக்கு மறந்துவிடுங்கள். யாழ்ப்பாணம் திரும்பியதும் ஆசைதீரக் குளிக்கலாம். தண்ணீரைக் கொண்டுசெல்வதால் நமது செலவு குறைகின்றது. தீவின் செலவும் குறைகின்றது. இரண்டு கணக்கும் ஒத்துப்போகும் முதலாவது இடம் இது.

சாப்பாட்டு விடயத்தில் இரண்டு கணக்கும் ஒத்துப்போக வேறொரு வழி வேண்டும். யாவற்றையும் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போய், உண்டு, தாளையும் பிளாஸ்ரிக்கையும் அங்கே எறிந்துவிட்டு வருபவருக்குப் பயணம் மலிவுதான். ஆனால், தீவுக்குக் கிடைப்பது குப்பை மட்டுமே. காலை உணவுக்கு இடியப்பமோ பிட்டோ கட்டிச் செல்லுங்கள். மதியச் சோற்றைத் தீவிலுள்ள சிறு சாப்பாட்டுக் கடையில் உண்ணுங்கள். காலையில் இறங்கியதுமே எத்தனை பேர் என்று சொல்லிவைத்தால், அதற்கேற்ப அவர்கள் சமைத்து வைப்பர். அன்றைக்குப் பிடித்த மீனில் வைத்த குழம்புக்கு ஈடான உணவைப் பட்டினத்துப் பெரிய உணவுச்சாலைகளிலும் காண்பது அரிது. எஞ்சிய போத்தல்களையும் பைகளையும் திரும்பக் கொண்டுவர ஒரு பை எடுத்துச் செல்லுங்கள்.

நாலு மணி நேரத்திற் பார்க்கத்தக்கவை

தீவு சிறியதுதானே, நடந்தே சுற்றிவிடலாம் என்று எண்ணுதல் கூடாது. ஓரிடத்துக்கும் மற்றோரிடத்துக்கும் இடையே பல கிலோமீற்றர் தூரம் உண்டு, வெயிலும் உண்டு. துறையருகே முச்சக்கர வண்டிகளும் சிறு வாகனங்களும் நிற்கும். பயணத்தில் மிகப் பெரிய செலவு இதுவாகவே இருக்கும். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வண்டியை அமர்த்தினால் அச்செலவு பகிர்ந்துபோகும். எவ்விடங்களுக்குப் போவது, எவ்வளவு தருவது, எந்நேரத்துக்குத் துறையிற் கொண்டுவந்து விடுவது என்னும் மூன்றையும் ஏறுமுன்னரே பேசி முடித்துக்கொள்ளுங்கள். வண்டியோட்டுபவர் ஊரவர், அவரே நமக்கு வழிகாட்டியுமாவார். பேசியபடி கொடுத்து, மனமுவந்து சிறிது மேலும் கொடுத்தால், அது நேரே ஒரு தீவுக் குடும்பத்தைச் சென்றடையும்.

இறங்கியவுடன் கண்ணிற் படுவன கல்வேலிகள். சாந்து எதுவுமின்றி, முருகைக்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியே வளவுகளுக்கு எல்லை அமைத்திருக்கின்றனர். யாழ்ப்பாணத்துக் கிடுகு வேலியையும் பனையோலை வேலியையும் கண்டு பழகிய கண்களுக்கு இது புதுமையாக இருக்கும். நிலத்தைத் துப்புரவாக்க அகற்றிய கல்லே வேலியாகின்றது. ஒரு வேலை மற்றொன்றுக்கு உதவுகின்றது.

வைத்தியசாலைக்கு அருகே பழைய புறாக்கூடு நிற்கின்றது. கடிதம் கொண்டுசெல்லும் புறாக்களை ஒல்லாந்தர் அதில் வளர்த்தனர் என்பர். அதற்கு அண்மையிலே, கடலைப் பார்த்தபடி, முருகைக்கல்லாற் கட்டிய கோட்டையின் இடிந்த சுவர்கள் உள்ளன. போர்த்துக்கேயர் கட்டியது, பின்னர் ஒல்லாந்தர் கைக்கு வந்தது என்று கூறுவர். ஊரவர் அதனை மீகாமன் கோட்டை என அழைப்பர். தீவின் வேறொரு பகுதியில் வெடியரசன் கோட்டை எனப்படும் பழைய இடிபாடுகள் உண்டு. மீகாமன், வெடியரசன் என்னும் இரு பெயர்களும் ஈழத்திலே வழங்கும் கண்ணகி வழக்குரைக் காவியத்தில் வருவன. கண்ணகியின் சிலம்புக்கு மணி தேடிக் கடல்கடந்து வந்தவன் மீகாமன்; அவனை எதிர்த்துப் போரிட்டவன் வெடியரசன். வெடியரசன் கோட்டையை ஆராய்ந்தோர் அதனைப் பண்டைய பௌத்த தூபிகளின் எச்சம் என்று கருதுவர். அறிஞரின் ஆராய்ச்சி ஒருபுறமிருக்க, வட்டமாக அடுக்கிய அந்தக் கற்களின்மேல் தீவு மக்கள் தம் காவியத்தை ஏற்றி வைத்திருக்கின்றனர் என்பது சிந்திக்கத்தக்கது.

அடுத்துப் பார்க்க வேண்டியது பெருக்கமரம். ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மரத்தை அராபிய வணிகர் கொண்டுவந்து நாட்டினர் என்பது வழிவழிவந்த செய்தி. மன்னாரிலும் இத்தகைய மரங்கள் உண்டு. நெடுந்தீவு மரத்தின் அடியிலே பெரிய பொந்து உள்ளது. ஒருவர் உள்ளே புகுந்து நிற்கலாம். சிறுவர் அதற்குள் நுழைந்து ஒளித்து விளையாடுவதிற் பிழையில்லை. ஆனால், கத்தியால் மரத்திற் பெயர் செதுக்கும் கெட்ட வழக்கத்தை எவரும் கைக்கொள்ளலாகாது. எத்தனையோ தலைமுறைகளைக் கண்ட மரத்துக்கு நமது பெயர் வேண்டியதில்லை.

நேரமிருந்தால், வளர்ந்துகொண்டே வருவதாக ஊரவர் நம்பும் வளரும் கல்லையும், பாறையிற் பதிந்த பெரிய பாதச்சுவட்டையும், கடலோரத்தே முன்னாளிற் கப்பல்களுக்கு அடையாளமாக நின்ற இராணி கோபுரத்தையும் கண்டுவரலாம். எல்லாவற்றையும் ஒரே நாளிற் பார்த்துத் தீர்க்கவேண்டுமென்று ஓடினால் எதையும் பார்த்ததாகாது. கோட்டை, பெருக்கமரம், குதிரை மேயும் வெளி ஆகிய மூன்றையும் அமைதியாகப் பார்த்து, கடற்கரையில் அரைமணி நேரம் அமர்ந்து திரும்பினால் அந்த நாள் நிறைந்த நாளாகும். கடலில் இறங்குவோர் காலணியோடு இறங்குதல் நன்று. முருகைக்கல் காலை அறுத்துவிடும். உயிருள்ள முருகைக்கல்லை உடைத்து எடுத்து வருவது சட்டத்தாலும் தடுக்கப்பட்டது.

குதிரைகளின் கதை

நெடுந்தீவு என்றதும் பலருக்கு நினைவு வருவன அங்கே கட்டுப்பாடின்றித் திரியும் குதிரைகள். உருவத்திற் சிறிய மட்டக்குதிரைகள் அவை. வட கடலுக்குக் குதிரை புதிதன்று. அயலிலுள்ள நயினாதீவிலே முதலாம் பராக்கிரமபாகு பொறிப்பித்த பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலங்கள் உடைந்தால் அவற்றில் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்குச் சேரவேண்டும் என்று அது விதிக்கின்றது. நெடுந்தீவிற் குதிரை வளர்த்தவர்கள் போர்த்துக்கேயரும் அவர்களுக்குப் பின்வந்த ஒல்லாந்தரும் ஆவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆங்கில ஆட்சிக் காலத்தில், தீவை நிருவகித்த லெப்டினன்ட் நோலன் என்பவரும் குதிரை வளர்ப்பை மேற்கொண்டார். அரசுகள் போயின, இலாயங்கள் இடிந்தன. குதிரைகள் மட்டும் தம்பாட்டில் இனம்பெருக்கி எஞ்சின.

அவற்றின் வாழ்வு நாம் எண்ணுவதுபோல எளிதானதன்று. கோடையிற் குளங்கள் வற்றும்போது குடிக்க நீரின்றிக் குதிரைகள் இறந்த செய்திகள் அண்மைய ஆண்டுகளிற் பத்திரிகைகளில் வந்துள்ளன. அக்காலங்களில் ஊர்மக்களும் அதிகாரிகளும் தொட்டிகளில் நீர் நிரப்பி வைத்துள்ளனர். 2015 ஆம் ஆண்டில் தீவின் ஒரு பெரும் பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. குதிரைகளைக் காண்போர் தூரத்தில் நின்றே காணுதல் வேண்டும். துரத்தி ஓடச்செய்து படம் எடுப்பது பலருக்கு வேடிக்கையாக இருக்கின்றது. நீர் குறைந்த நிலத்தில், கொதிக்கும் வெயிலில், ஒரு விலங்கை வீணே ஓடச்செய்வது கொடுமை. குட்டியோடு நிற்கும் தாய்க்குதிரையின் அருகே சிறுவரைப் போகவிடுதல் ஆபத்துமாகும்.

கணக்கைக் கூட்டிப் பார்ப்போம்

யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படும் ஒருவருக்கு ஐந்து வகைச் செலவுகளே உண்டு. பஸ் கட்டணம் இருமுறை, படகுக் கட்டணம் இருமுறை, தீவில் வண்டி வாடகையிற் பங்கு, மதிய உணவு, வாங்கிவரும் பொருள்கள். முதலிரண்டும் மிகச் சிறியவை. மூன்றாவதைப் பலர் சேர்ந்து பகிரலாம். நாலாவதும் ஐந்தாவதும் தீவாரின் கைக்கு நேரே போவன. அவற்றிற் சிக்கனம் பிடிக்கவேண்டாம் என்பதே எனது வேண்டுகோள். ஒடியல், புழுக்கொடியல், கருவாடு போன்றவை கிடைத்தால் வாங்கி வாருங்கள். கையிற் சில்லறைக் காசாகக் கொண்டுசெல்லுங்கள். சிறு கடைக்காரரிடம் பெரிய தாளை நீட்டினால் அவரே மாற்றுக் காசுக்காக அயற்கடைக்கு ஓடவேண்டியிருக்கும்.

ஒருநாள் போதாது என்று கருதுவோர் ஓர் இரவு தங்கலாம். சிறு விடுதிகளும் அறை வாடகைக்குத் தரும் வீடுகளும் உள்ளன. முன்கூட்டியே தொலைபேசியிற் பேசி ஒழுங்குசெய்தல் வேண்டும். துறையிற் கடைசிப் படகு போன பின்னர் தீவு அடையும் அமைதி தனியானது. பகலில் வந்தவர் போய்விட, மாடுகள் வளவுக்குத் திரும்ப, பனங்கூடலின் மேலே நட்சத்திரங்கள் நெருங்கித் தோன்றும். தங்குவோர் இரண்டு மடங்கு தண்ணீர் கொண்டுசெல்ல வேண்டும் என்பதையும், விடுதியில் ஒரு வாளி நீரில் குளித்து முடிக்கப் பழகவேண்டும் என்பதையும் சொல்லத் தேவையில்லை.

போரினால் நெடுங்காலம் வெளியூரார் எவரும் எளிதிற் போகமுடியாதிருந்த தீவு நெடுந்தீவு. இன்று வழி திறந்திருக்கின்றது. செலவும் நம்மால் தாங்கத்தக்கதாக உள்ளது. அங்கே இளைஞர் பலர் படிப்புக்கும் தொழிலுக்குமாகக் கடல் கடந்து போய்க்கொண்டிருக்கின்றனர். வருவோரால் வண்டியோட்டுபவருக்கும் சமைப்பவருக்கும் ஒழுங்கான வருவாய் கிடைக்குமானால், சிலராவது ஊரிலே தங்குவதற்கு அது காரணமாகலாம். வருவோரால் நீரும் இடமும் குறைந்து குப்பை மட்டும் பெருகுமானால், அவர்கள் நம்மை வெறுக்கத் தொடங்குவதும் நியாயமே. எதனைச் செய்யப்போகின்றோம் என்பது புறப்படுவதற்கு முதல்நாள் இரவு, பையைக் கட்டும்போதே தீர்மானமாகின்றது. வரும் தை மாதத்தில் ஒரு வாரநாளைத் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளைகளுக்குத் தொப்பியையும் முதியோருக்குக் குடையையும் எடுத்துவையுங்கள். தண்ணீர்ப் போத்தல்களை மறவாது நிரப்பிக்கொள்ளுங்கள்.